அம்பு ஒட்டிய பக்கம்

"மேடம், எழுதுறதோட உங்க வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. இனிமேதான் ஆரம்பமே" என்று பதிப்பாளர் சென்னையிலிருந்து போனில் சொன்னபோது, நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் எதிரே எட்டுப் பெண்கள் தைத்து வந்த டீ-சர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்து, கோளாறு கண்ட இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அம்பு ஒட்டிய பீஸ் தனியாகப் போய்விடும். அந்த எட்டுப் பேருக்கும் நான் சூப்பர்வைசர்.

"ரீல்ஸ் போடுங்க. ஸ்கூல் ஸ்கூலா போங்க. ஆத்தர்னா இன்னைக்கு ஒரு பிராண்டு மேடம். முதல் பதிப்பு தீர்ந்தாத்தான் உங்க ரெண்டாவது புத்தகத்தை நான் எடுக்க முடியும்" என்றார் அவர்.

பிராண்டாம். பிராண்டு என்றால் என்ன என்று எனக்கு அவர் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எவளோ தைத்த துணியில் தன் பெயரை வைத்துத் தைத்துக்கொள்பவன் பிராண்டு. அவனுடைய ஆட்கள் வந்து ஒரு நூல் பிசிறுக்காக என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு "சரிங்க சார்" என்றேன். ஏனென்றால் இரண்டாவது கதையை எழுதி முடித்து, அட்டை போட்ட நோட்டில் வைத்திருந்தேன். முதல் கதையைவிட நல்ல கதை. அது வெளியே வந்தே தீர வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. அந்த வெறிக்காகத்தான் இவ்வளவும்.

முதல் புத்தகம் ஒரு சின்னப் பெண்ணின் கதை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அம்மா அவளைக் கம்பெனிக்குக் கூட்டிப்போகிறாள். அவள், அம்மா பனியன் தைக்கும் ஓவர்லாக் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே விழும் வெட்டுத் துணியில் யானை, குதிரை என்று செய்து ஒரு ஊரையே உண்டாக்கிவிடுகிறாள். கற்பனை ஒன்றும் இல்லை. நான் அப்படி வளர்ந்தவள். என் அம்மா ஓவர்லாக் டெய்லர்.

படம் வரைந்தவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தார். படங்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தன. பெண் அழகாக இருந்தாள், துணி யானை அழகாக இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்த மெஷின் மட்டும் தெருமுனைத் தையல்கடையில் இருக்கும் பழைய கால்மிதி மெஷின். பக்கவாட்டில் பெரிய சக்கரம், கீழே இரும்பு மிதி, மேலே ஒரே ஒரு நூல்கண்டு. ஓவர்லாக் என்றால் மேலே நாலு கோன் நூல் நிற்கும். அதில் பாவாடை தைக்கலாம். பனியன் தைத்தால் இரண்டு தரம் போட்டுக் கழற்றுவதற்குள் பிரிந்துவிடும்.

நான் போன் போட்டுச் சொன்னேன். பதிப்பாளர் சிரித்தார். "மேடம், குழந்தைங்களுக்குத் தையல் மெஷின்னா இதுதான். அவங்க இதையெல்லாம் பார்க்க மாட்டாங்க. மறுபடி வரையணும்னா இன்னும் மூணு மாசம் தள்ளிப்போகும். உங்க இஷ்டம்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஒரே ஒரு சாம்பிள் தைத்துக் கொடுப்போம். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது. அதில் இருக்கும் தப்பு மொத்த லாட்டிலும் வரும், யார் மேலும் பழி சொல்ல முடியாது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சாம்பிளை உள்ளும் புறமும் நான் பார்க்கிற பார்வையில் டெய்லர்கள் என்னைச் சபிப்பார்கள். அப்பேர்ப்பட்ட நான், அன்றைக்கு வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று தட்டி அனுப்பினேன், கூடவே ஒரு கைகூப்பும் பொம்மை. மூன்று மாதம் பொறுக்க எனக்கு மனசில்லை.

புத்தகம் வந்தது. நான் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டேன். வாரத்தில் கிடைக்கும் ஒரு லீவு நாளும் போச்சு, அரை நாள் பெர்மிஷனும் போச்சு. பொங்கலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை புத்தகத்தைத் திறக்காமலேயே "சிலபஸ்ல வருங்களா?" என்று கேட்டார். பல்லடம் ரோட்டில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்காரர் "வெச்சுட்டுப் போங்க" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே அதை எடுத்துத் தராசுக்கு அடியில் ஆட்டம் நிற்க முட்டுக் கொடுத்தார். சொந்தக்காரர் கல்யாணத்தில் ஒரு பெரியம்மா, "கதைப் புஸ்தகமா கண்ணு? நம்மூட்டுப் பேரனுக்கு ரெண்டு குடு, கிழிச்சுப்போட்டு வெளையாடுவான்" என்றார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு இரண்டு கொடுத்தேன். நூலகத்தில் கொடுத்தேன், ரீல்ஸ் போடும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன், வார்டு கவுன்சிலருக்குப் பொன்னாடையோடு சேர்த்துக் கொடுத்தேன். அவர் பொன்னாடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

இந்த ஊரின் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வாங்க, போங்க, சொல்லுங்க என்று தேன் ஒழுகும். நான் இங்கேயே பிறந்தவள், எனக்குத் தெரியும். ஒரு 'ங்க' குறையாமல் கழுத்தை அறுப்பார்கள். "பாத்துக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டால் அத்தோடு அந்தப் பேச்சுக்குப் பால் ஊற்றியாகிவிட்டது என்று அர்த்தம். புத்தகத்தோடு அலைந்த மூன்று மாதத்தில் நான் கேட்ட "பாத்துக்கலாமுங்க"வை எல்லாம் சேர்த்தால் ஒரு கண்டெய்னர் நிறையும்.

செக்கிங் மேசையில் ஒருத்தி இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். கண் என்றால் அதுதான் கண். பத்தடி தூரத்தில் போகும் பீஸில் தையல் விட்டிருந்தால் சொல்லிவிடுவாள். புத்தகம் வந்த முதல் வாரமே கேட்டாள். "எக்கா, எங்களுக்கும் ஒண்ணு காட்டுங்களேன். எம்மவ மூணாப்பு படிக்கா. அவகிட்ட உங்களப் பத்திச் சொல்லிருக்கேன்."

"காட்டுறேன், காட்டுறேன். இப்ப வேலையப் பாரு" என்றேன். செல்போனில் அட்டைப் படத்தை மட்டும் அவள் முகத்துக்கு நேராக ஒரு நிமிடம் நீட்டினேன். அவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள், தினமும் பார்க்கிற முகம்தானே என்ற நினைப்பு. பொன்னாடைக்கு ஆள் தேடுகிற அவசரத்தில் அவர்கள் என் கண்ணிலேயே படவில்லை.

கடைசியில் ஒரு கதவு திறந்தது. அவிநாசிபாளையத்துக்குப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடம். தாளாளருக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனியும் உண்டு, வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் பேசுவார். "குழந்தைகள் தினத்தன்னைக்குக் காலைல ஒவ்வொரு கொழந்தைக்கும் ஒண்ணு குடுத்துறலாமுங்க. மொத்தத்தையும் நாங்களே எடுத்துக்கறமுங்க. மொதப் பக்கத்துல மட்டும் பள்ளிக்கூடத்துப் பேரும் என்ற போட்டோவும் ஸ்டிக்கர் அடிச்சுத் தர்றேன், ஒட்டிக் கொண்டாந்துருங்க" என்றார்.

என் கதையின் நெற்றியில் அவர் முகம். ஆனால் மொத்தப் பதிப்பும் ஒரே மூச்சில் தீர்ந்துவிடும். பதிப்பாளருக்குச் சொன்னேன். "சூப்பர் மேடம்! ரெண்டாவது புத்தகத்தை டைப் பண்ண ஆரம்பிச்சுருங்க" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

புத்தகக் கட்டுகள் கம்பெனிக்கே வந்து இறங்கின. விழாவுக்கு முந்தின நாள், சாப்பாட்டு நேரத்தில், என் செக்கிங் பெண்களிடம் கட்டுகளையும் தாளாளரின் ஸ்டிக்கரையும் கொடுத்து, "எனக்காகச் செய்ங்க, முதல் பக்கத்துல நேரா ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டு மானேஜர் ரூமுக்குப் போனேன். அங்கே ஷிப்மெண்ட் தகராறு. திரும்பி வர நாலரை ஆகிவிட்டது. எல்லாம் ஒட்டி, அடுக்கி, கயிறு கட்டி வைத்திருந்தார்கள். மனசு நிறைந்துபோய் மேலே இருந்த ஒன்றைப் பிரித்தேன்.

முதல் பக்கத்தில் தாளாளர் சிரித்தார். ஒன்பதாம் பக்கத்தில், அம்மாவின் மெஷினைக் காட்டிக்கொண்டு, ஒரு சிவப்பு அம்பு.

அடுத்ததைப் பிரித்தேன். அம்பு. அதற்கடுத்ததிலும் அம்பு. கட்டு கட்டாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. செக்கிங் மேசைக்கு எது வந்தாலும் புரட்டிப் பார்த்து, கோளாறு கண்ட இடத்தில் அம்பு ஒட்டுவார்கள். கை அதுபாட்டுக்குச் செய்திருக்கிறது. கேட்கவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

"யாருடி இந்த வேலையப் பார்த்தது?" என்று நான் போட்ட சத்தத்தில் ஓவர்லாக் வரிசையே ஒரு நொடி நின்றது.

திருநெல்வேலிக்காரிதான் எழுந்தாள். பயம் ஒன்றும் இல்லை அவள் முகத்தில். சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "எல்லாரும்தாங்க்கா. மெஷினைத் தப்பா போட்டுருக்கானுவளே. இது நம்ம மெஷினா, நீங்களே சொல்லுங்க? தப்பக் கண்டா கண்ண மூடிட்டு விடாதிய, அம்ப ஒட்டி எடுத்து வையின்னு நீங்கதானக்கா தெனமும் சொல்லுவிய."

"இது பனியனாடி? இது புத்தகம்! எட்டாவது தாண்டாதவ, புத்தகத்தப் பத்தி உனக்கு என்ன தெரியும்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! உங்க கையில குடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

அவள் கையிலிருந்த ஸ்டிக்கர் தாளை மேசையில் வைத்தாள். பிறகு, "புஸ்தகத்தப் பத்தித் தெரியாதுக்கா. மெஷினைப் பத்தித் தெரியும்" என்றாள்.

அதுதான் என்னைக் கொன்றது. அவள் சொன்னது சரி என்று படம் வந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். அதனாலேயே இன்னும் நாலு வார்த்தை கூடப் பேசினேன். அவற்றை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது. எட்டுப் பேரும் உட்கார்ந்து, அம்புகளை ஒவ்வொன்றாக உரித்தார்கள். வழக்கமாக யாராவது ஒரு பாட்டை முணுமுணுப்பார்கள், அன்றைக்கு அது இல்லை.

துணியிலிருந்து அம்பு சுவடு தெரியாமல் உரிந்துவரும். காகிதத்தில் அப்படி வராது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அச்சு மையையும் பிய்த்துக்கொண்டு வந்தது. சிவப்பு அம்பு போய், அதே இடத்தில், அதே அளவில், ஒரு வெள்ளை அம்பு. முன்னைவிடப் பளிச்சென்று அது மெஷினைக் காட்டியது. எனக்கு நேரமும் இல்லை, வேறு வழியும் இல்லை. பிள்ளைகள் எங்கே பார்க்கப் போகிறார்கள் என்று பதிப்பாளர் சொன்னதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மறுநாள் காலையில் கட்டுகளை வேனில் ஏற்றினேன்.

பள்ளிக்கூடத்தில் பந்தல், மைக், ரோஜாப்பூ. தாளாளர் என்னை "நம்ம ஊர் எழுத்தாளருங்க" என்று மேடையில் உட்காரவைத்தார். புத்தகங்கள் வரிசை வரிசையாகக் கைமாறிப் போயின. பிள்ளைகள் முதல் பக்கத்தைத் தாண்டுவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, தாளாளரை யாரும் பார்க்கவில்லை என்பதில் எனக்கு அற்பச் சந்தோஷம். மைக்கை வாங்கி, "கதையில உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள். எட்டு வயது இருக்கும். "ஏனுங்க மிஸ், இது ஓவர்லாக் இல்லீங்க. எங்கப்பா கம்பெனியில இந்த மெஷினே கெடையாதுங்க. இதுல பனியன் தைக்க முடியாதுங்க."

பின்னால் ஒருவன், "நாலு கோன் இருக்கோணும்!" என்று கத்தினான். சரசரவென்று அத்தனை பேரும் ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகள். பால்பாட்டிலோடு மெஷின் சத்தத்தையும் குடித்தவர்கள். இவர்கள் பார்க்க மாட்டார்கள் என்று சென்னையில் இருந்துகொண்டு ஒருவர் சொன்னார், இங்கேயே பிறந்த நான் தலையாட்டினேன்.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தப்புத்தான் கண்ணு, நான்தான் சரியென்று விட்டேன் என்று ஒரு வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். "அது பிரிண்டிங் மிஸ்டேக் கண்ணு. பிரஸ்ஸுல மாத்திப் போட்டுட்டாங்க."

அந்தப் பெண் உட்காரவில்லை. புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். "அம்பு ஒட்டி எடுத்திருக்குதுங்களே மிஸ். அம்பு ஒட்டுனா ரிஜெக்ட்டுங்க."

பந்தலே சிரித்தது. டீச்சர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாளாளர் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த ஒரு பிரதியை எடுத்து, ஒன்பதாம் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவரும் கம்பெனிக்காரர்தானே, அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது.

விழா முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க. டேமேஜ் பீஸைக் கொழந்தைங்க கைல குடுத்தா நம்ம பேரு கெட்டுப்போயிருமுங்க. எடுத்துட்டுப் போயிட்டு, நல்லதா அடிச்சுக் கொண்டாங்க, பாத்துக்கலாமுங்க." நான் திரும்பியபோது மறுபடி கூப்பிட்டார். "ஏனுங்க, என்ற போட்டோ இருக்கற பக்கத்த மட்டும் கிழிச்சுட்டுக் கொண்டு போயிருங்க."

பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து, பிள்ளைகளிடமிருந்து டீச்சர்கள் திரும்ப வாங்கி அடுக்கிய அத்தனை புத்தகத்திலும் முதல் பக்கத்தை நானே கிழித்தேன். இரண்டு ஆயாக்கள் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு, நான் எப்போது எழுந்திருப்பேன் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். பதிப்பாளருக்குப் போன் செய்தேன். "ஐயோ மேடம், இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார். மெஷினை மறுபடி வரையலாமா என்று கேட்டேன். "முதல்ல இது போகட்டும் மேடம்" என்றார். இரண்டாவது புத்தகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தாளை வைது தீர்க்கவேண்டும்போல இருந்தது. வைவதற்கு வாயைத் திறந்தால் அந்த "ஓகே" முன்னால் வந்து நின்றது.

மறுநாள் கட்டுகளைக் கம்பெனிக்கே கொண்டுபோனேன். வீட்டில் வைக்க இடம் இல்லை என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், வழியெல்லாம் ஒரு நல்ல எண்ணம் எனக்குள் ஊறியிருந்தது. இந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம். திட்டினதற்குத் திட்டினதும் சரியாகிவிடும், புத்தகமும் யாராவது படித்ததாக இருக்கும். என் பெருந்தன்மையில் எனக்கே கண் கலங்கியது, சொன்னால் வெட்கக்கேடு.

சாப்பாட்டு நேரத்தில் எட்டுப் பேர் முன்னாலும் ஒவ்வொன்றாக வைத்தேன். திருநெல்வேலிக்காரிக்கு முதலில் வைத்தேன். "மகளுக்குக் குடு. காசெல்லாம் வேண்டாம்" என்றேன்.

அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து புத்தகத்தை எடுத்தாள். முதல் பக்கம் கிழிந்த இடத்தை விரலால் தடவினாள். பிறகு பக்கம் பக்கமாக, அவசரமே இல்லாமல், எழுத்துக்கூட்டி வாசித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். வெட்டுத் துணி யானை வந்த பக்கத்தில் அவள் முகம் கொஞ்சம் இளகியது. எட்டாம் பக்கத்தை இரண்டு முறை வாசித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் வெள்ளை அம்பைப் பார்த்தாள். புத்தகத்தை மூடி என் பக்கமாகத் தள்ளினாள்.

"கத நல்லாருக்குக்கா. எங்க கததான்" என்றாள். "ஆனா எம்மவ போடுத சட்டயெல்லாம் இந்த மேசைல ரிஜெக்ட் ஆனதுதான். ஒரு சட்ட நல்லதாப் போட்டுப் பாத்தவ இல்ல. புஸ்தகமும் ரிஜெக்ட் ஆனதத்தான் குடுக்கணுமோ? அந்தப் பள்ளிக்கூடத்துல வாங்கிருந்தா எங்க ஞாவகம் உங்களுக்கு வந்திருக்குமா?"

வந்திருக்காது.

"மெஷினைச் சரியாப் போட்டுக் கொண்டாங்க. துட்டுக் குடுத்தே வாங்கிக்கிடுதேன்."

மற்ற ஏழு பேரும் ஆளுக்கொன்றாகப் புத்தகத்தை எடுத்து, ஓசையில்லாமல், கோளாறு பீஸ்கள் போடும் கூடையில் வைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தார்கள். அந்தக் கூடையைச் சாயங்காலம் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டியது சூப்பர்வைசர். போட்டேன்.